அக்கா குடித்த தண்ணீர்

ஏழூத்து என்று எங்கள் ஊருக்குப் பேர். ஏழில் ஒரு ஊற்றுகூட இன்று இல்லை, இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல ஆளும் இல்லை, ஆனாலும் பேரை மாற்ற மனசு வராத அந்த ஊரில், வடக்குத் தெருவில் குருவம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தால், தெற்குத் தெரு மாடிவீட்டில் அவளுடைய தம்பி செண்பகராஜ் எழுந்து ஒன்னுக்கு ஓடுவான். அரைச் செம்பு குடித்தால் நடந்து போவான், முழுச் செம்பு குடித்தால் ஓடுவான், மூன்று செம்பு சேர்ந்தாற்போலக் குடித்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவான். எங்கள் ஊரில் இது ரகசியமும் இல்லை, அதிசயமும் இல்லை. சித்திரையில் வெயில் அடிக்கும், ஐப்பசியில் மழை பெய்தால் பெய்யும், குருவம்மாள் குடித்தால் செண்பகராஜ் போவான்.

வெளியூர்க்காரர்கள் ஏன், எப்படி என்று கேட்பார்கள். ஏன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அவன் வயிற்றில் இருப்பது அவளுடைய கிட்னி. எப்படி என்பது படித்த டாக்டருக்கே தெரியவில்லை, எனக்கு எங்கே தெரியப்போகிறது. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தீப்பெட்டி ஆபீஸில் அவளுக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து குச்சி அடுக்குகிறவள். அவன் அவளுக்கு என்ன செய்தான், அதற்கு அவள் அவனை என்ன செய்தாள் என்று கேளுங்கள், சொல்கிறேன். நாங்கள் என்ன செய்தோம் என்பதும் நடுவில் வரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

செண்பகராஜுக்குத் தண்ணீர்தான் தொழில். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது என்று வால்வைத் திருப்புகிற நீளமான இரும்புச் சாவி அவன் வீட்டுச் சுவரில்தான் சாத்தியிருக்கும். குழாயில் வராத ஏழு நாளைக்கும் அவனுடைய நாலு லாரிகள்தான் ஓடும். கலெக்டர், மந்திரி எல்லாம் எங்களுக்கு அப்புறம், செண்பகராஜ்தான் முதலில். அப்படிப்பட்டவனுக்கு முப்பத்தொன்பதாம் வயதில் இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய், வாரத்துக்கு இரண்டு தரம் மதுரைக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு லாரித் தண்ணீருக்குச் சொந்தக்காரன் ஒரு டம்ளருக்கு ஏங்கி உட்கார்ந்திருந்தான்.

அவன் பெண்டாட்டி ரஞ்சிதத்துக்குக் காரில் ஏறினாலே வாந்தி வரும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் குருவம்மாள்தான் கூடப் போனாள். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கு வறண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்து, அவனுக்கு ஆசை கிளம்பிவிடக் கூடாதென்று அவன் கண்ணில் படும்படி தானும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல், பதினாலு மாசம் போய்விட்டு வந்தாள். ஊருக்குத் திரும்பி அவனை வீட்டில் இறக்கிவிட்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் என் வீட்டு வாசலில் நின்று என் குடத்தைச் சாய்த்து, மூச்சு விடாமல் குடிப்பாள். "ஏட்டி, மெதுவா" என்று எத்தனை நாள் நான் தலையில் தட்டியிருக்கிறேன்.

யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னதும் சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்த்தது. ரஞ்சிதத்துக்கு ரத்தம் சேரவில்லை, அது அவள் குற்றமில்லை. அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிவந்து, கட்டிலைச் சுற்றி நின்று, "நாங்க எதுக்கு இருக்கோம் மாப்ள" என்று சொன்னார்கள். டெஸ்ட் எடுக்கவேண்டும் என்ற பேச்சு வந்ததும் ஒருவனுக்குச் சர்க்கரையும் ஒருவனுக்கு மூலமும் ஒருவனுக்குச் சபரிமலை விரதமும் வந்துவிட்டது. குருவம்மாள் யாரும் கேட்காமலே போய்க் கையை நீட்டினாள். எல்லாம் சேர்ந்தது. கட்டினவன் சம்மதம் வேண்டும் என்றார்கள். அப்போது லோடுமேனாக இருந்த அவள் புருஷன் சோலையப்பன், "ரெண்டு இருக்குன்னா ஒன்னு குடுக்கத்தான இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து, வீடியோ எடுக்கிறவரை எதிரில் நிறுத்தி, அவளை விசாரித்தார்கள். அம்மா, யாராவது உங்களை மிரட்டினார்களா?

"மிரட்ட இவன் யாரு சார்? இவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவ நானு."

ஏதாவது தருவதாக யாராவது சொன்னார்களா?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடப்பொறந்தவனுக்குக் குடுக்கிறதுக்கு யாராச்சும் வெல பேசுவாகளா சார்? நல்லா இருக்கே!" என்றாள். மூன்று டாக்டர்களும் சிரித்தார்களாம். இதை அவளே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். பின்னால் நாங்கள் அதை மறந்துபோனோம் பாருங்கள், அதுதான் எங்கள் புத்தி.

கிட்னியை அவனுக்கு அடிவயிற்றில் வலது பக்கம் வைத்தார்கள். வைத்த அன்றைக்கே அது வேலை செய்தது. பதினாலு மாசம் கழித்து அவன் ஒன்னுக்குப் போனான் என்று மதுரையிலிருந்து போன் வந்தபோது ரஞ்சிதம் தெருவுக்கே சர்க்கரைப்பொங்கல் வைத்துக் கொடுத்தாள். குருவம்மாள் ஊருக்கு வந்து, கனமாக எதையும் தூக்காமல் மூன்று மாசம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி குச்சி அடுக்க வந்தாள். அவளைத் தனியாக விட முடியாதென்று வெளியூர் லோடு வேலையை விட்டுவிட்ட சோலையப்பன், அவள் கழுத்துச் சங்கிலியை விற்று ஒரு பழைய ஷேர் ஆட்டோ வாங்கி ஓட்டினான். அவள் கழுத்து வெறுங்கழுத்தாக இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

செண்பகராஜுக்கு உடம்பு தேறத் தேற மனசு கெட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்ன தம்பி, அக்கா நல்லா இருக்காகளா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். லாரியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், "ஒங்க அக்கா மகராசி, அவுக இல்லேன்னா இந்த லாரி ஏது" என்று சொல்லிக்கொண்டே குடத்தை நீட்டினார்கள். அம்மன் கோயில் கொடையில் வருஷா வருஷம் அவனுக்குத்தான் முதல் பரிவட்டம். அந்த வருஷம் பூசாரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல ஒங்க அக்காவக் கூப்பிடு, அவ குடுத்த உசுரு இது" என்று சொல்லிவிட்டார். அவள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிப்போனாள், பரிவட்டம் அவன் தலைக்கே வந்தது. வந்தும் அவனுக்கு அது முள்ளாகக் குத்தியது.

இரண்டு வருஷம் கழித்துக் குருவம்மாளின் மகள் சுகந்தி பெரிய மனுஷி ஆனாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் இல்லாமல் சடங்கு ஏது? செண்பகராஜ் தண்ணீர் லாரியைக் கழுவித் துடைத்து, வாழைமரம் கட்டி, அதன்மேல் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்கி, கொட்டுமேளத்தோடு வந்து வடக்குத் தெருப் பந்தலில் இறங்கினான். ரேடியோ செட்காரர் மைக்கில், "உயிர் கொடுத்த அக்காவின் மகளுக்கு, உயிர் பெற்ற தாய்மாமன் கொண்டுவரும் சீர்" என்று ராகம் போட்டார். பாவம், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். செண்பகராஜ் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"உசுரு குடுத்தா, உசுரு குடுத்தான்னு ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. சும்மா ஒன்னும் குடுக்கல. வெலைக்கு வாங்குனதுதான். எங்க அத்தான் ஓட்டுற ஆட்டோ என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

அந்த நேரத்தில்தான் குருவம்மாள், வெயிலில் வந்த தம்பிக்கு விடாய்க்குமே என்று ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். படியில் நின்றாள். ஒலிபெருக்கி இன்னும் அந்தச் சொல்லைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த சுகந்தி அம்மாவையே பார்த்தாள். குருவம்மாள் தம்பிக்கென்று கொண்டுவந்த தண்ணீரை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அண்ணாந்து தானே குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள், குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துப் படியில் வைத்தாள். செண்பகராஜ் அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவன் அடிவயிற்றில் கையை வைத்தான், மைக்கை யார் கையிலோ திணித்தான், லாரிக்குப் பின்னால் ஓடினான்.

அப்படித்தான் அது தொடங்கியது. அன்றிலிருந்து அவன் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் ஒரு சொட்டு இறங்காது. அவள் குடித்தால்தான் இறங்கும். அவளுக்கோ ஒன்னுக்குப் போகிற வேலையே நின்றுபோனது. தீப்பெட்டி ஆபீஸில் நாங்கள் அறுபது பெண்கள். இருக்கிற ஒரே கக்கூஸின் லட்சணத்துக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உதட்டைக்கூட நனைக்காமல் குச்சி அடுக்குகிறவர்கள். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து குருவம்மாள் மட்டும் செம்பு செம்பாகக் குடித்தாள். எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. டீக்கடை முத்தையா அவளுக்கென்று ஒரு பெரிய டம்ளரைக் கழுவித் தனியாக வைத்தார். லாரி இரண்டு நாளாக வரவில்லை என்றால் கிழக்குத் தெருப் பெண்கள் செண்பகராஜிடம் போவதை விட்டுவிட்டு அவளிடம் வந்து, "எக்கா, ரெண்டு செம்பு குடிங்க, அந்தாளு வெளிய வரட்டும், பிடிச்சுப் பேசிக்கிறோம்" என்றார்கள். அவனுக்கு ஆகாத வெளியூர் லாரிக்காரர்கள் இளநீர் சீவி அனுப்பினார்கள். சலூன் கடைக்காரர் அவனுக்குச் சவரம் செய்யும்போது பாதி முகத்தோடு நிறுத்திவைத்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். மதுரை டாக்டர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்து, கிட்னி தங்கமாக இருக்கிறது, அக்காவை மட்டும் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்.

அவன் போலீஸுக்கும் போனான். இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இந்தம்மா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"தண்ணி குடிச்சா சார்."

"யாரு வீட்டுத் தண்ணிய?"

"அவ வீட்டுத் தண்ணியத்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். ஸ்டேஷனுக்கு வந்த பொம்பளை என்கிற மரியாதையில், "தண்ணி ஏதும் குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். குடிக்கிறேன் என்றாள். ஸ்டேஷன் கக்கூஸ் பூட்டியிருந்தது.

இதையெல்லாம் அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. ஒரு நாளும் சிரித்துக்கொண்டு குடித்து நான் பார்த்ததில்லை, கஷாயம் குடிக்கிற முகத்தோடுதான் குடிப்பாள். அவன் கல்யாண வீட்டில் தாலி எடுத்துக் கொடுக்க எழுந்திருக்கிற நேரம், கூட்டத்தில் பேச மைக்கைத் தொடுகிற நேரம், இலையில் உட்கார்ந்து முதல் கவளம் எடுக்கிற நேரம், எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. வலதுபக்க விலாவுக்குக் கீழே, இல்லாத அந்த இடம், சொல்கிறது என்பாள். தைத்த தழும்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறுகையால் செம்பை எடுப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அவன் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, அவன் சொன்ன சொல்லை யாரும் துப்பவில்லை. கதை என்று வந்தால் எங்கள் ஊருக்கு இரண்டு கதையும் வேண்டும். குழாயடியில் அவள் தலை மறைந்ததும் "வித்தவ" என்றோம். ஆட்டோ போனால் "கிட்னி போகுது பார்" என்றோம். ஆபீஸ் சூப்பர்வைசர், இது சட்டப்படி குற்றமாச்சே, நமக்கு ஏன் வம்பு என்று அவளைத் தனியாக ஒரு மூலையில் உட்காரவைத்தார். சுகந்தியைப் பள்ளிக்கூடத்தில் "வித்தவ மக" என்று கூப்பிட்டார்கள், அவள் மூன்று நாள் போகாமல் இருந்தாள். சோலையப்பன் டீக்கடையில் ஒருநாள் பொறுக்க முடியாமல், "வெலைக்கு வித்த மாடுகூட நாலு நாள்ல பழைய வீட்டை மறந்துரும்லே! வித்த கிட்னியா அவ பேச்சக் கேக்குது?" என்று கத்தினான். நல்ல கேள்விதான். நாங்கள் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்துபோனோம். "வித்தவ" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் குடத்துத் தண்ணீரைக் குடித்தவளை, நானே சொன்னேன்.

செண்பகராஜ் எட்டு மாசம் பொறுத்தான். பிறகு, மூளை இருக்கிறவன் எவனும் செய்யாத, தண்ணீர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தான். யாராவது எதிர்த்துப் பேசினால் அந்தத் தெருவுக்கு வால்வை மூடுவது அவன் வழக்கம், கை அதற்குப் பழகிவிட்டது. சித்திரை மாசம், கத்திரி வெயில் ஏறுகிற நேரம், அவனே நீளச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வடக்குத் தெரு வால்வை இறுக்கி மூடினான். லாரியும் இந்தத் தெருவுக்குள் நுழையக்கூடாது என்றான். "இப்பக் குடிக்கட்டும் பார்ப்போம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

குருவம்மாள் வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டில் நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது, பத்து நாளைக்குக் காணும்.

"தெருக்காரிகளா, ஆளுக்கொரு குடம் கொண்டாங்க" என்றாள்.

டிரம்மை எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். கடைசி அரைக் குடத்தை வாசல் வேம்புக்கு ஊற்றினாள். செம்பைக் கவிழ்த்துப் படியில் வைத்தாள், சடங்கன்று வைத்த அதே படியில்.

"என்னட்டி செய்றே?" என்றேன் நான்.

"அவன் பூட்டிட்டான். பூட்டுன பெறகு நான் குடிச்சா அவன் பூட்டுக்கு என்ன மரியாத?" என்றாள்.

முதல் நாள் செண்பகராஜுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு சினிமாவை முழுசாக உட்கார்ந்து பார்த்தான், கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினான், முழு முகத்துக்கும் ஒரே மூச்சில் சவரம் செய்துகொண்டான். இரண்டாம் நாள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. மூன்றாம் நாள் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. அவன் வாளி வாளியாகக் குடித்தான், குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கி உப்பியது. தெருவுக்குத் தண்ணீரை அடைத்ததாக நினைத்தவன் தனக்கே அடைத்துக்கொண்டான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உறைத்தும் சாவியை எடுக்க மனசு வரவில்லை, எடுத்தால் அக்காவிடம் தோற்றதாகிவிடுமே.

எங்கள் தெரு செத்துவிடவில்லை. சோலையப்பன் தன் ஷேர் ஆட்டோவின் சீட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு நடை குடங்களை ஏற்றிவந்து வீட்டு வீட்டுக்கு இறக்கினான். "கிட்னி போகுது" என்று நாங்கள் சொன்ன அதே ஆட்டோதான். குருவம்மாள் மட்டும் அதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. சுகந்தி டம்ளரை வாயில் வைத்து, "எம்மா, எனக்காக" என்று அழுதாள். "ஒனக்காகத்தான் குடிக்காம இருக்கேன்" என்றாள். நாங்களும் ஒவ்வொருத்தியாக டம்ளரோடு போனோம். ஒவ்வொருத்தியையும் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள்: "நான் வித்தேனா, குடுத்தேனா?"

குடுத்தடி, குடுத்த, என்று அழுதுகொண்டே சொன்னேன் நான். தலையாட்டினாள். டம்ளரை வாங்கவில்லை. "நீ சொல்லிட்ட. அவன் சொல்லட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ரஞ்சிதம் ஒரு பாட்டில் தண்ணீரைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, ஒரே ஒரு மடக்கு. எனக்காக."

"ஒனக்காகத்தான ரஞ்சிதம் ஒரு கிட்னியவே குடுத்தேன். இன்னும் என்ன?"

"மறுபடி மிஷின்ல போடணும்ங்காக. போட்டாலும் நிக்குமோ நிக்காதோங்காக. அவுக செத்துருவாக மதினி."

"நானுந்தான் சாவேன்" என்றாள் குருவம்மாள். "சாவுக்கு என்ன, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம், பதினாலு மாசம் சேர்ந்துதான மதுரைக்குப் போனோம். ஆனா வித்தவன்னு பேரு வாங்கிட்டு நான் போகமாட்டேன், என் மகளும் அந்தப் பேரோட வாழமாட்டா. அவன் எங்க சொன்னானோ அங்க வந்து சொல்லணும். எதுல சொன்னானோ அதுல சொல்லணும். மைக்கு எங்க இருக்குன்னு விசாரி, போ."

நாலாம் நாள் காலையில் ரேடியோ செட்காரர் வந்து எங்கள் தெருவில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டினார். சடங்குக்குக் கட்டின அதே இரண்டு கம்பத்தில் கட்டினார், யாரும் சொல்லாமலே தெற்குத் தெரு வரைக்கும் ஒயர் இழுத்து அங்கேயும் இரண்டைக் கட்டினார். அன்றைக்கு மைக்கைப் பறிகொடுத்த கோபம் அவருக்கும் இருந்தது. பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரியில் செண்பகராஜை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறங்கியபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ரஞ்சிதம் பிடித்துக்கொள்ள, ஒயர் இல்லாத மைக்கைக் கையில் வாங்கினான். குருவம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கவிழ்த்த செம்பு.

"எங்க அக்கா… எனக்கு கிட்னி குடுத்தாக. ஏதோ கோவத்துல அன்னைக்கு ஒரு வார்த்த…"

"முழுசாச் சொல்லு" என்றாள்.

"அக்கா, ஊரு முன்னால…"

"ஊரு முன்னாலதான் சொன்ன."

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அந்த மூச்சுகூட ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு சொன்னான்.

"வாங்கல. வெலைக்கு வாங்கல. அவ சும்மா குடுத்தா. நான் சொன்னது பொய். எல்லாரும் அவளையே பெருசாச் சொன்னாக, எனக்குப் பொறுக்கல. அந்த ஆட்டோ அவ சங்கிலி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

தெரிஞ்சுதான் சொன்னேன் என்றதும் சோலையப்பன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். குருவம்மாள் செம்பை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள்.

"தண்ணி எங்க?" என்றாள்.

சாவி லாரியில் இருந்தது. வேறு யாரும் தொடக்கூடாது என்று அவள் கையைக் காட்டினாள். மைக்கை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வீங்கின இரண்டு கையாலும் அந்த நீளச் சாவியைத் தூக்கி, குழிக்குள் இறக்கி, முக்கி முனகித் திருப்பினான். மைக்கை அணைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, ரேடியோ செட்காரருக்கும் தோன்றவில்லை. ரேடியோ செட்காரருக்குத் தோன்றாமல் போனதை மட்டும் நான் நம்பமாட்டேன். வால்வு கிறீச்சிட்டது, தெருக்குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, செம்மண் கலரில் கொஞ்சம் கக்கியது, பிறகு தெளிந்து கொட்டியது. குருவம்மாள் எழுந்துவந்து செம்பை நிறையப் பிடித்தாள். தம்பியைப் பார்த்துக்கொண்டே அண்ணாந்தாள்.

முதல் செம்பு முடிந்தது. இரண்டாவது பிடித்தாள். மூன்றாவது பிடித்தாள். அவன் சாவியைப் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் போவதற்கு இரண்டடி வைத்தான், வீங்கின கால் வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். நாலு நாள் தேங்கினது. வேட்டி மடிப்பில் இருந்த மைக் அதை எடுத்துக்கொண்டுபோய் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும், கோயிலுக்கும் டீக்கடைக்கும், ஊர் எல்லை வரைக்கும், லாரியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சொன்னது. நாலாவது செம்பையும் அவள் குடித்தாள். அதுவும் போனது. அவள் நிறுத்தினாள், அந்தச் சத்தமும் நின்றது. யார் கிட்னி, யார் பேச்சைக் கேட்கிறது என்று இனிமேல் யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. முதலில் சிரித்தது சுகந்திதான். பிறகு நாங்கள் சிரித்தோம், அழுதுகொண்டே சிரித்தோம்.

அவன் அந்த ஈரத்திலேயே மண்டியிட்டான். "அக்கா, என்னை விட்டுரு. வேணும்னா அதத் திருப்பி எடுத்துக்க. இந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

குருவம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவள் முகத்தில் இரக்கம் வருமென்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பிக் கேக்க நான் என்ன வித்தவளா?" என்றாள். "கிட்னி ஒன்னோடது தம்பி. தண்ணி என்னோடது."

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை தவறியதே இல்லை. எட்டாம் நாள் தண்ணீர் நாள் என்றால் முதலில் வடக்குத் தெருவுக்குத்தான் திறக்கிறான், அவனே வந்து திறக்கிறான், குருவம்மாளின் டிரம் நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். ஆபீஸில் அவள் பழைய பலகைக்கு வந்துவிட்டாள். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தபடி வேளாவேளைக்குக் குடிக்கிறாள், ஒரு வேளைகூடத் தப்பவிடமாட்டாள், அவனைச் சாகவிடமாட்டாள். எந்த வேளை என்பதை மட்டும் அவள்தான் முடிவுசெய்கிறாள். நான் ஒருநாள், "போதும்டி, விட்டுரேன்" என்றேன். "நீ எத்தன நாள் என்னை வித்தவன்னு கூப்பிட்ட?" என்று திருப்பிக் கேட்டாள். நான் குச்சி அடுக்கப் போய்விட்டேன்.

போன ஆவணியில் சுகந்திக்குக் கல்யாணம். தாய்மாமன் நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ரேடியோ செட்காரர் மைக்கை நீட்டினார். செண்பகராஜ் வாங்கும்போது மண்டபம் முழுவதும் அவனைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தது. அங்கே குருவம்மாள் பட்டுச்சேலையில், கழுத்தில் புதுச் சங்கிலியோடு, மடியில் விளிம்பு தளும்ப ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனும் அந்தச் செம்பைத்தான் பார்த்தான்.

"எங்கிட்ட இருக்கிறதெல்லாம் எங்க அக்கா சும்மா குடுத்தது" என்று சொல்லிவிட்டு, மைக்கைக் கீழே வைத்தான்.

அவள் ஒரு மடக்கு மட்டும் குடித்தாள். அவன் நடந்தே போனான்.